டர்போ ஃபார்முலா கார்: பூட்டை எங்கே போடுவது?

"அண்ணே, டர்போதான் என்று முடிவாகிவிட்டது, ஆனால் எந்த விதியில் ஓட்டுவது?" கொஞ்ச நாளாக இதே கேள்வி வந்துகொண்டிருக்கிறது. கேட்பவர்கள் மலேசியாவில் பந்திங், ஜெஞ்சாரோம் பக்கத்து ஒர்க்‌ஷாப் பையன்களும் பாலிடெக்னிக் மாணவர்களும்தான். குழாயை வளைத்து, பற்றவைத்து, ஒற்றை இருக்கை வண்டி கட்டத் தெரிந்தவர்கள். சக்கரம் நாலும் வெளியே தெரிகிற ஃபார்முலா கார், பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால் தனி வகுப்பாகவே ஓட்டலாம் என்பது ஆசை. ஆனால் விதி எழுத உட்கார்ந்தால் சண்டை. ஒருவர் அமெரிக்காவின் இண்டிகார் மாதிரி பூஸ்டை, அதாவது டர்போ திணிக்கிற காற்றின் அழுத்தத்தை, கட்டுப்படுத்து என்கிறார், இன்னொருவர் ஃபார்முலா 1 மாதிரி எரிபொருளை அளந்து விடு என்கிறார், மூன்றாமவர் காற்று போகிற துளையைச் சின்னதாக்கு என்கிறார், நாலாமவர் ஏன் இந்த வம்பு, எல்லாருக்கும் ஒரே எஞ்சினை வாங்கிச் சீல் வைத்துவிடு என்கிறார். நாலும் உலகத்தில் நடந்து பார்த்த வழிகள்தான். நாலிலும் முதல் நாள் கண்ணுக்குத் தெரியாத செலவு உண்டு.

டர்போ இல்லாத எஞ்சினுக்கு சிசி எவ்வளவு என்று எழுதினாலே பாதி விதி முடிந்துவிடும், சிலிண்டர் தானாக இழுக்கிற காற்றுக்கு ஓர் எல்லை இருப்பதால். டர்போ எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தித் திணிப்பது, அதில் அந்த எல்லை கிடையாது. 1980களில் பிஎம்டபிள்யூ ஃபார்முலா 1க்குக் கொடுத்தது சாலைக் காரின் பிளாக்கிலிருந்து பிறந்த 1.5 லிட்டர், நாலு சிலிண்டர் எஞ்சின். 1986 தகுதிச் சுற்றுகளில் அது 1,300 குதிரைத்திறனை எட்டியது என்று பேசுவார்கள். நம்ம ஊர் மைவி காரில் இருப்பதும் அதே 1.5 லிட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே சிசியை எழுதிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது, வேறு எங்கேயாவது பூட்டுப் போட்டே ஆக வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல்: பந்தயக் காலையில், நம்மிடம் இருக்கிற கருவியை வைத்து, அந்த விதியைச் சோதிக்க முடியுமா? மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான். சோதிக்க முடியாத விதியில் நல்லவன் தோற்பான், ஏமாற்றுகிறவன் ஜெயிப்பான், இரண்டாவது சீசனுக்கு ஆள் வராது.

அப்புறம் செலவு. எஞ்சின் வாங்குகிற விலையைக் கேட்காதீர்கள், ஒரு சீசன் முடியும்போது மொத்தம் எவ்வளவு போயிருக்கும் என்று கேளுங்கள். வேறு வேறு எஞ்சின்கள் ஒரே பந்தயத்தில் ஓரளவு சமமாக ஓட முடியுமா என்பது மூன்றாவது. மிதித்தவுடன் சக்தி வருகிறதா, இல்லை வளைவைத் தாண்டிய பிறகு வருகிறதா என்பது நாலாவது.

கடைசியாக நம்ம ஊர் வெயில். இதை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. 33 டிகிரிக் காற்றை டர்போ இரண்டு மடங்காக அழுத்தினால், கம்ப்ரசரை விட்டு வெளியே வரும்போது அது 120 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தக் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் சரியில்லை என்றால் பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து, எஞ்சின் நாக்கிங் அடித்துப் பிஸ்டனில் ஓட்டை விழும். போதாததற்கு நம் காற்றில் மூன்று சதவீதத்துக்கு மேல் வெறும் நீராவி, அது எரிவதற்கு உதவாது. ஐரோப்பாவில் யாரோ போட்ட பூஸ்ட் எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

## பூஸ்டைக் கட்டுவது

பூஸ்ட் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. பழைய முறையில், போட்டி நடத்துபவரே ஒரு பாப்-ஆஃப் வால்வைக் கொடுப்பார், அதை எஞ்சினின் காற்றுப் பெட்டி மேல் மாட்ட வேண்டும், அழுத்தம் எல்லை தாண்டினால் வால்வு திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். அமெரிக்காவில் முன்பு நடந்த கார்ட் (CART) பந்தயத் தொடரில் மெத்தனாலில் ஓடிய 2.65 லிட்டர் வி8 டர்போக்கள் இப்படித்தான் கட்டுப்பட்டன. ஃபார்முலா 1இலும் 1987இல் 4 பார், 1988இல் 2.5 பார் என்று கொண்டுவந்தார்கள். இண்டிகாரில் 2012 முதல் 2.2 லிட்டர் வி6 டர்போ, அங்கே பூஸ்டை மின்னணு முறையில் பார்க்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, ஒரே எஞ்சினைத் தளத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கலாம் என்பது. இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் 1.3 பார், சாலைத் தளங்களில் 1.5 பார், முந்துவதற்குப் பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் அதற்கும் மேலே. எஞ்சினைக் கழற்றவே வேண்டாம். கோ-கார்ட் தளத்தில் ஒரு நாள், சிப்பாங் பெரிய தளத்தில் ஒரு நாள் என்று ஓட்டுகிற ஆட்களுக்கு இது பெரிய வசதி.

ஆனால் கவனியுங்கள், அந்த 1.5 பார் முழு அழுத்தம், அதாவது வெளிக்காற்றின் ஒரு பாரும் அதற்குள் அடக்கம். நம் ஒர்க்‌ஷாப் மீட்டரில் அது 0.5 என்றுதான் காட்டும். விதியில் எந்த பார் என்று எழுதாமல் விட்டால் ஒருவன் 0.5இல் ஓட்டுவான், பக்கத்து வண்டிக்காரன் 1.5இல் ஓட்டுவான், இருவர் கையிலும் அதே விதிப் புத்தகம் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு சுற்று வேகத்தில் இருக்கிறது. அழுத்தத்தைக் கட்டிவிட்டால் அதிகச் சக்திக்கு ஒரே வழி ஆர்பிஎம்மை ஏற்றுவதுதான். கார்ட் எஞ்சின்கள் கடைசிக் காலத்தில் 15,000ஐ எட்டியது அதனால்தான். ஆர்பிஎம் ஏறினால் வால்வு ஸ்பிரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் என்று பணம் ஓடும். ஆகவே பூஸ்ட் விதியோடு சிசி விதியும் ஆர்பிஎம் விதியும் சேர்ந்தே வர வேண்டும், தனியாக வந்தால் அது பூட்டே இல்லை.

அளக்கிற இடமும் தகராறுதான். 2001இல் டெட்ராய்ட்டில் பந்தய வாரத்தின் நடுவில், பாப்-ஆஃப் வால்வுக்கு அடியில் ஒரு தகடு வைக்க வேண்டும் என்று கார்ட் உத்தரவு போட்டது. வால்வு இருக்கும் இடத்தில் மட்டும் அழுத்தம் குறைவாகத் தெரியும்படி காற்றின் போக்கை வடிவமைக்கிறார்கள் என்ற சந்தேகம். ஹோண்டா எதிர்த்தது, பெரிய சண்டையானது. அடுத்த ஆண்டோடு ஹோண்டாவும் டொயோட்டாவும் அந்தத் தொடரை விட்டே போய்விட்டன. அது மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை, ஆனால் அத்தனை அனுபவமுள்ள ஆட்களே ஒரு வால்வை வைத்து அடித்துக்கொண்டார்கள் என்றால் நாம் எம்மாத்திரம்.

1988ஐயும் சொல்லிவிடுகிறேன். டர்போவை அடக்கி, டர்போ இல்லாதவர்களுக்கு வழி விடுவதற்காகத்தான் அந்த 2.5 பார் வந்தது. கூடவே எரிபொருளும் 150 லிட்டர்தான். என்ன நடந்தது? ஹோண்டா டர்போ வைத்த மெக்லாரன் 16 பந்தயத்தில் 15ஐ ஜெயித்தது.

## எரிபொருளை அளந்து விடுவது

அறிவாளிகளுக்குப் பிடித்த விதி இது. எவ்வளவு காற்று வேண்டுமானாலும் அடைத்துக்கொள், ஆனால் பெட்ரோல் ஒரு மணிக்கு இவ்வளவுதான். ஃபார்முலா 1இல் 2014இல் 1.6 லிட்டர் வி6 ஹைபிரிட் வந்தபோது மணிக்கு 100 கிலோ என்று வைத்தார்கள், அதாவது வினாடிக்கு 28 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 10,500 ஆர்பிஎம்முக்குக் கீழே அதையும் குறைத்துத்தான் கொடுப்பார்கள். எஞ்சின் 15,000 வரை சுற்ற அனுமதி இருந்தும் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை, கூடுதல் பெட்ரோல் கிடைக்காதபோது சும்மா சுற்றி என்ன பயன்?

இதன் பலன் பெரிது. 2017இல் மெர்சிடிஸ் தன் எஞ்சின் டைனோவில் (சக்தி அளக்கும் கருவியில்) 50 சதவீத வெப்பத் திறனைத் தாண்டியதாக அறிவித்தது. ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவும் 2014இல் இதே வழிக்கு வந்தது, 2 லிட்டர் நாலு சிலிண்டர் டர்போ, டொயோட்டாவும் ஹோண்டாவும் கொடுத்தன. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2014 முதல் 2018 வரை ஓட்டியது அந்த வண்டிகளைத்தான். எந்த அளவு எஞ்சினாக இருந்தாலும் ஒரே பெட்ரோல் என்பதால் கொள்கையளவில் மிக நியாயமான விதி.

கொள்கையளவில்தான். 2014இன் முதல் பந்தயத்திலேயே மெல்பர்னில் இரண்டாவதாக வந்த ரெட் புல் ஓட்டுநர் ரிக்கார்டோவைத் தகுதி நீக்கம் செய்தார்கள். போட்டியை ஆளும் அமைப்பான எஃப்ஐஏவின் சென்சார் எரிபொருள் ஓட்டம் அதிகம் என்றது, ரெட் புல் அந்தச் சென்சாரை நம்பாமல் தன் கணக்கில் ஓட்டியிருந்தது. 2019இல் ஃபெராரியின் மேல் சந்தேகம் எழுந்து, கடைசியில் எஃப்ஐஏ அவர்களோடு ரகசிய உடன்பாடு செய்துகொண்டது, 2020இல் இரண்டாவது சென்சாரையும் கட்டாயமாக்கினார்கள். அல்ட்ராசோனிக் சென்சாரும் அதைப் பார்க்க ஒரு படையும் வைத்திருக்கிறவர்களின் நிலை இது. நாம் கடையில் வாங்கிய தராசை வைத்துக்கொண்டா இதைச் செய்யப் போகிறோம்?

இன்னொரு செலவு எஞ்சினுக்குள் ஒளிந்திருக்கிறது. பெட்ரோல் குறைவு என்றால் எல்லாரும் மிக்சரை லீனாக்கப் பார்ப்பார்கள், அதாவது காற்றைக் கூட்டிப் பெட்ரோலைக் குறைப்பார்கள். ஆய்வுக்கூடம் வைத்திருக்கிற கம்பெனி அதில் ஜெயிக்கும், சாலையோர டியூனரின் எஞ்சின் உருகும். 2026இல் ஃபார்முலா 1 டர்போவோடு சேர்ந்து சுழன்ற எம்ஜியூ-ஹெச் என்ற மின்மோட்டாரையே தூக்கிவிட்டது. டர்போ லேக்கை, அதாவது மிதித்த பிறகு சக்தி தாமதமாக வருவதை, ஒழித்த அருமையான பொருள்தான், ஆனால் விலையும் சிக்கலும் புதிய கம்பெனிகளை வாசலிலேயே நிறுத்தின.

மலிவான தம்பி ஒன்று இதற்கு உண்டு: பந்தயத்துக்கு மொத்தம் இவ்வளவு எரிபொருள் என்று கொடுத்து டாங்கைச் சீல் வைப்பது. 1984இல் 220 லிட்டர், 1986இல் 195. சோதிப்பது சுலபம். ஆனால் 1985இல் இமோலாவில் முன்னணியில் இருந்த சென்னாவும் அவருக்குப் பின் முன்னணிக்கு வந்த ஜோஹான்சனும் அடுத்தடுத்து பெட்ரோல் தீர்ந்து நின்றார்கள், 1986இல் ஹாக்கன்ஹைமில் புரோஸ்ட் இறங்கித் தன் காரைத் தள்ளினார். பார்க்கிறவனுக்குச் சிரிப்பு, ஓட்டுகிறவனுக்கு எரிச்சல். அப்படியும் இதுதான் வேண்டும் என்றால் லிட்டரில் எழுதாதீர்கள், கிலோவில் எழுதுங்கள். அந்தக் காலத்தில் பெட்ரோலைக் குளிரவைத்து அதே டாங்கில் அதிகம் நிரப்பினார்கள்.

## துளையைச் சின்னதாக்குவது

ரெஸ்ட்ரிக்டர். டர்போவுக்குக் காற்று போகிற வழியில் ஒரு குறுகிய கழுத்து. அந்தக் கழுத்தில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டியதும் அதற்கு மேல் ஒரு கிராம் கூட ஏறாது, பின்னால் எவ்வளவு பெரிய டர்போ வைத்து இழுத்தாலும் சரி. இயற்கையே போட்ட பூட்டு. சென்சார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், துளையை அளக்க ஒரு கேஜ் போதும்.

கணக்கு இப்படி. 20 மில்லிமீட்டர் துளை வினாடிக்கு அதிகபட்சம் 75 கிராம் காற்று விடும். அதற்கேற்ற பெட்ரோலை எரித்தால், சாதாரண டியூனிங்கில் 90 குதிரைத்திறனை ஒட்டி வரும். 18 என்றால் 75ஐ ஒட்டி, 24 என்றால் 130ஐ ஒட்டி. நம் வெயிலில் கொஞ்சம் குறையும், ஆனால் எல்லாருக்கும் ஒன்றாகவே குறையும். மாணவர்கள் கார் கட்டி ஓட்டுகிற ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகள் இதைத்தான் வைத்திருக்கின்றன: 710 சிசி வரை, பெட்ரோலுக்கு 20 மில்லிமீட்டர். டர்போ வைத்தால் வரிசை முக்கியம், முதலில் ரெஸ்ட்ரிக்டர், அடுத்து கம்ப்ரசர், அதற்குப் பிறகுதான் திராட்டில் (மிதிக்கும்போது திறக்கிற காற்று வால்வு).

சோதனை இன்னும் அழகு. எஞ்சின் ஓடும்போது ரெஸ்ட்ரிக்டரின் வாயை அடையுங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் சரி. அணையாமல் இழுத்துக்கொண்டு ஓடினால் எங்கிருந்தோ திருட்டுக் காற்று வருகிறது. பையன்களில் யாரை வேண்டுமானாலும் இதற்கு நிறுத்தலாம்.

ஏமாற்றவே முடியாதா? முடியும். 1995இல் உலக ராலி போட்டியில் டொயோட்டா அணியின் டர்போவில், மாட்டும்போது காற்று சுற்றிக்கொண்டு போகும்படியும் கழற்றும்போது ஒன்றும் தெரியாதபடியும் ஒரு ஸ்பிரிங் வேலை செய்திருந்தார்கள். பிடித்த அதிகாரிகளே அந்தக் கைவேலையைப் பாராட்டினார்கள், பாராட்டிவிட்டு ஓர் ஆண்டு தடை போட்டார்கள். ஆனால் அப்படி ஒன்றைக் கடைய டொயோட்டா அளவுக்குத் திறமை வேண்டும், அந்தத் திறமை இருக்கிறவன் பந்திங்கில் என்ன செய்கிறான் என்று நான் கேட்பேன்.

செலவு எங்கே? கியர்பாக்ஸில். காற்று ஒரே அளவு என்றால் உச்சச் சக்தி ஏறாது, ஆனால் பூஸ்டை ஏற்றி அதே சக்தியைக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே எடுக்கலாம், அப்படி எடுத்தால் டார்க் (திருகுவிசை) ஏறும், சின்னக் காரின் கியர்பாக்ஸ் பல் உதிரும். டர்போவைச் சரியாகப் பொருத்தாவிட்டால் லேக்கும் கடுமை. லேக்கைத் தவிர்க்க ஆண்டி-லேக் போடலாமா என்று கேட்பார்கள், முதல் பக்கத்திலேயே தடை எழுதிவிடுங்கள், எக்ஸாஸ்டுக்குள் பெட்ரோலை எரித்தால் டர்போ செலவு யார் கொடுப்பது?

## ஒரே எஞ்சின், சீல்

ஓட்டுநரை வளர்ப்பது நோக்கம் என்றால் இதற்கு மேல் விவாதமே இல்லை. ஃபார்முலா 2இல் 2018 முதல் எல்லாருக்கும் மெக்கக்ரோமின் 3.4 லிட்டர் வி6 டர்போ, 620 குதிரைத்திறன். ஃபார்முலா 4இல் பல நாடுகளில் அபார்த்தின் 1.4 லிட்டர் டர்போ, முதல் தலைமுறைக் கார்களில் 160 குதிரைத்திறன். சென்னையில் 2024இல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஓடிய இந்திய ஃபார்முலா 4 கார்களும் சின்ன டர்போதான்.

மறைவுச் செலவு, பிடி முழுவதும் எஞ்சின் கொடுப்பவர் கையில் போய்விடும். சீல் உடைக்கக் கூடாது என்பதால் ஒரு கேஸ்கெட்டுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். ஒருவன் தோற்றால் 'எனக்கு மட்டும் மட்ட எஞ்சின்' என்று ஆரம்பிப்பான், அதற்குக் குலுக்கல் முறை, டைனோ சோதனை என்று வேலை கூடும். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்றால் குறையும் எல்லாருக்கும் ஒன்றாக வரும்: 2018இல் ஃபார்முலா 2 கார்கள் தொடக்கக் கோட்டில் அடிக்கடி அணைந்ததால் சில பந்தயங்களை ரோலிங் ஸ்டார்ட்டில், அதாவது நிற்காமல் ஓடிக்கொண்டே, தொடங்கினார்கள். பாலிடெக்னிக் பையனுக்கோ கைவைக்க ஒன்றுமே மிஞ்சாது.

## ஒரு பார்வையில்

| வழி | காலையில் சோதிக்க | பணம் எங்கே கரையும் | கலப்பு எஞ்சின் | யாருக்கு |
|---|---|---|---|---|
| பூஸ்ட் | நடத்துபவரின் சென்சாரும் அதைப் பதிவுசெய்யும் லாகரும் இருந்தால் முடியும் | ஆர்பிஎம், எஞ்சின் உள்பாகம் | சிசி ஒன்றாக இருந்தால் மட்டும் | பல வகைத் தளங்களில் ஓட்டும் பெரிய தொடர் |
| எரிபொருள் ஓட்டம் | நமக்கு முடியாது | சென்சார், டியூனிங், உருகும் பிஸ்டன் | நன்றாக முடியும் | கார் கம்பெனிகள் |
| ரெஸ்ட்ரிக்டர் | ஒரு கேஜ், ஓர் உள்ளங்கை | டர்போ பொருத்தம், கியர்பாக்ஸ் | ஓரளவு முடியும் | சொந்தமாகக் கட்டுகிறவர்கள் |
| ஒரே எஞ்சின் | சீலைப் பார்த்தால் போதும் | எஞ்சின் கொடுப்பவரிடம் | இல்லை | ஓட்டுநர் பயிற்சி |

## அப்படியானால் நமக்கு

ரெஸ்ட்ரிக்டர். தயக்கமே இல்லை.

எஞ்சின் எது என்பதற்கும் பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கிற ஹாஃப்-கட் கடைகளில் வரும் ஜப்பானிய 660 சிசி டர்போ, கஞ்சில், கெலிசா என்ற சின்னக் கார்களில் தூக்கிப் போட்டுப் பழகிய அந்த மூன்று சிலிண்டர் ஈஎஃப்-டெட் ரகம். ஜப்பானில் அந்த வகைக் கார்களுக்கு 64 பிஎஸ் (கிட்டத்தட்ட குதிரைத்திறன்தான்) என்று உச்சவரம்பு வைத்திருந்ததால் கம்பெனியிலிருந்தே அடக்கி வைத்த எஞ்சின் அது, எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அதன் மனசு தெரிந்த ஓர் ஆள் இருப்பார். அதற்கு 18 மில்லிமீட்டர் துளை போட்டால், ஒன்றும் செய்யாத எஞ்சினும் மூச்சுத் திணறாது, பூஸ்ட் ஸ்குரூவைத் திருகிக்கொண்டே போகிறவனுக்கும் பத்துப் பன்னிரண்டு குதிரைக்கு மேல் கிடைக்காது. வித்தியாசம் அவ்வளவுதான் என்றால் பணத்தைக் கொட்ட யாருக்கும் மனம் வராது.

அந்த எஞ்சின்களுக்கு வயதாகிவிட்டது, பாகம் கிடைப்பது குறைகிறது என்பது உண்மை. அடிபட்ட அத்திவா காரிலிருந்து 1 லிட்டர் டர்போவை எடுக்கலாம், 98 பிஎஸ் தருகிறது, ஆனால் எஞ்சினின் கணினியான ஈசியூவை ஏமாற்றி ஓடவைப்பதற்குள் தலை நரைத்துவிடும், வெளி ஈசியூ செலவையும் சேர்த்துப் பாருங்கள். புரோட்டானின் 1.6 டர்போ 138 குதிரைத்திறன், இந்த அளவு வண்டிக்கு அது கனம். இரண்டையும் விலக்க வேண்டாம், அதே 18 துளையோடு வரட்டும், பெரிய எஞ்சினுக்கு டார்க் சீக்கிரம் வருவதால் குறைந்தபட்ச எடையை மட்டும் கூட்டி வையுங்கள்.

பூஸ்ட் விதியை முழுவதும் விடாதீர்கள், முழு அழுத்தம் 2 பாருக்கு மேல் கூடாது என்று ஒரு வரி எழுதுங்கள். அது சமத்துக்காக அல்ல, கியர்பாக்ஸையும் பிஸ்டனையும் காப்பாற்ற. பெட்ரோல் எல்லாரும் ஒரே ஸ்டேஷனில், ரோன் 97. ரெஸ்ட்ரிக்டரை அவரவர் செய்யக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே லேத்தில் ஒரே ஆள் கடையட்டும், எண் பொறியுங்கள், காலையில் குலுக்கிப் போட்டுக் கொடுங்கள், மாலையில் எண்ணித் திரும்ப வாங்கிவிடுங்கள்.